பக்தாதின் இரு தன்னார்வலர்கள்

ஹாரூன் ரஷீதின் மைந்தர்கள் அமீனும் மஃமூனும் ஆட்சிக்காகப் போரிட்டதில், ஹிஜ்ரீ 198இல் அமீன் கொல்லப்பட்டார். வென்ற மஃமூனோ தொலைவிலுள்ள மர்வ் நகரிலேயே தங்கிவிட்டார். பக்தாத் கேட்பாரற்றுப் போயிற்று. கொள்ளையும் ஆட்கடத்தலும் வெளிப்படையாக நடந்தன. தோட்டக்காரரை அணுகி, அவருடைய தோட்டத்தைத் தாம் காப்பதாகச் சொல்லி மாதந்தோறும் திர்ஹம் கறப்பார்கள். இதற்குக் ‘கிஃபாரா’ என்று பெயர். அதிகாரிகள் தடுக்கவில்லை. அந்த முரடர்களே அவர்களுக்குப் படைபலம்!

ஹிஜ்ரீ 201இல் (கி.பி. 816–817) மஹல்லாவாசிகள் ஒரு கணக்குப் போட்டனர்: ஒரு தெருவில் தீயவர் மிஞ்சினால் பத்துப் பேர், நல்லோரே அதிகம். காலித் அத்தர்யூஷ் என்பவர் அண்டை வீட்டாரைத் திரட்டி, முரடர்களைப் பிடித்து ஆட்சியாளரிடம் ஒப்படைத்தார். அடுத்த சில நாட்களில் ஸஹ்ல் இப்னு ஸலாமா என்பவரும் கழுத்தில் முஸ்ஹஃபைத் தொங்கவிட்டவாறு, நன்மையை ஏவித் தீமையைத் தடுக்க மக்களை அழைத்தார். பைஅத் செய்தோரின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின.

தீயவர்களைத் தடுப்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தன்னார்வலரின் கை எதுவரை நீளலாம் என்பதில்தான் பிளவு. ஆட்சியாளரைக் குறைகூறவோ எதிர்க்கவோ மாட்டேன் என்றார் காலித். குர்ஆனுக்கும் சுன்னாவுக்கும் மாறுசெய்பவர் ஆட்சியாளரேயாயினும் போரிடுவேன் என்றார் ஸஹ்ல். அவரைப் பதவி ஆசை கொண்டவர் என ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. கிஃபாராவை வன்மையாகக் கண்டித்தவர் அவர். எனினும் அவரைப் பின்பற்றியோர் வீட்டு வாசல்களில் செங்கல்லாலும் சுண்ணத்தாலும் கோபுரம் எழுப்பி, அதன்மீது ஆயுதங்களையும் முஸ்ஹஃபுகளையும் வைத்தனர் எனத் தபரீ (ரஹ்) பதிவு செய்திருப்பதைப் படிக்கையில் தயக்கம் எழுகிறது. தெருவைக் காக்க வந்தவர்களைத் தட்டிக்கேட்பவர் யார்?

மறு ஆண்டு, பக்தாதில் கலீஃபாவாக அறிவிக்கப்பட்டிருந்த இப்ராஹீம் இப்னுல் மஹ்தீயின் தரப்பினர் அக்கம்பக்கத் தெருவாசிகளுக்குப் பணம் கொடுத்து விலகச் செய்தனர். ஸஹ்ல் பிடிபட்டுச் சிறைப்பட்டார்.

அதே பக்தாதில் ஹிஜ்ரீ 450இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்), ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில், நியமனம் பெற்ற முஹ்தஸிபுக்கும் தானாக முன்வரும் முத்ததவ்விஃக்கும் ஒன்பது வேறுபாடுகளைக் கூறுகிறார். முஹ்தஸிப் பைத்துல்மாலில் ஊதியம் பெறலாம், உதவியாளர்களை அமர்த்தலாம், வெளிப்படையான தீமைக்குத் தஃஸீர் எனும் தண்டனையும் அளிக்கலாம். தன்னார்வலர் தீமையைக் கண்டிக்கலாம், தண்டிக்க இயலாது.

இப்பாடத்தின்போது, ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை அட்மின் நீக்குவது கண்டனமா, தண்டனையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முன்னெச்சரிக்கை செய்யாமல், அவர் தரப்பைக் கேளாமல் நீக்கினால், அதைத் தண்டனையின் பக்கமே நாம் சேர்ப்போம்.