செக்ரடேரியட்

செக்ரடேரியட் (1970–1989): 1973-இல் அமெரிக்காவின் மும்முடிப் பந்தயங்களை (கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட்) வென்ற தரோபிரெட் இன ஆண் குதிரை. செந்தவிட்டு நிறம். வர்ஜீனியா மாநிலத்தின் மெடோ பண்ணையில் மார்ச் 30 அன்று பிறந்தது. தந்தை போல்ட் ரூலர், 1957 பிரீக்னஸ் பந்தயத்தை வென்றது; தாய் சம்திங்ராயல், பிரின்ஸ்குவில்லோவின் மகள். போல்ட் ரூலர் வழி வேகத்துக்கும், பிரின்ஸ்குவில்லோ வழி நெடுந்தூரத் தாக்குப்பிடிப்புக்கும் பேர்பெற்றவை. இவ்விரண்டும் ஓருடலில் இத்தனை நிறைவாகக் கூடியது அரிது.

உரிமையாளர் பென்னி செனரி. பயிற்சியாளர் லூசியன் லோரின். மும்முடிப் பந்தயங்களில் ஜாக்கி ரான் டர்கோட். இரண்டு வயதிலேயே, 1972-இல், ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வானது. அடுத்த ஆண்டு கென்டக்கி டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட விரைவாக ஓடி, 1¼ மைலை 1 நிமிடம் 59.4 விநாடியில் கடந்தது. பிரீக்னஸிலும் வென்றது. பெல்மான்ட் பந்தயத்தில் 1½ மைலை 2 நிமிடம் 24 விநாடியில் முடித்து, 31 குதிரை நீள இடைவெளியில் வென்றது. அந்த ஓட்டத்துக்கு ஈடு சொல்ல வேறொன்றில்லை. 1948-க்குப் பின் மும்முடி பெற்ற முதல் குதிரை இதுவே.

மொத்தம் 21 ஓட்டங்கள், 16 வெற்றிகள். பரிசுத்தொகை 13,16,808 டாலர். பின்னர் கென்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணையில் பொலிகுதிரையாக இருந்தது. இதன் பெண் குட்டிகளின் வழியே ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட், கான் வெஸ்ட் பிறந்தன. குளம்பழற்சி முற்றியதால் 1989 அக்டோபர் 4 அன்று கருணைக்கொலை செய்யப்பட்டு, அப்பண்ணையிலேயே புதைக்கப்பட்டது.