தேய்த்த மெழுகும் உருக்கிய மெழுகும்



காட்சிக்கலைக் கல்வியில் பாத்தேக் பாடம் வரும்பொழுதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "மெழுகை உருக்கித்தான் ஆக வேண்டுமா, டீச்சர்? மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதாதா?" நியாயமான வினாதான். சிறு பிள்ளைகளின் அருகில் அடுப்பும் சூடான மெழுகும் இருப்பதை யார்தான் விரும்புவர்? இதற்கான விடை நம் முன்னோரின் தொழில் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் இரு முறைகளின் வேறுபாட்டைக் காண்போம். மெழுகுவர்த்தியையோ வண்ண மெழுகுக்கோலையோ துணியில் தேய்த்தால், மெழுகு நூலிழைகளின் மேல்முகட்டில் மட்டுமே ஒட்டும். இழைகளுக்கு இடையே சாயம் புகுந்துவிடும். கோடு உடைந்து தெரியும். உருக்கி இட்டால் மெழுகு இழைக்குள் ஊறி மறுபக்கம் வரை இறங்கும். பனிநாட்டார் தம் சறுக்குப் பலகைகளின் அடிப்பாகத்துக்கு மெழுகிடுவதிலும் இவ்விரு வழிகளே உள்ளன. அவசரத்துக்குத் தேய்ப்பார்கள், நெடுநேரம் நிலைக்க வேண்டுமானால் சூடான இஸ்திரியால் உருக்கி ஏற்றுவார்கள்.

சோழமண்டலக் கரையின் சாயத் தொழிலாளர் இதனை நன்கு அறிந்திருந்தனர். துணியில் சிவப்பு நிறம் ஏற, சாயவேரோடு சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். கொதிநீரில் மெழுகு நில்லாது. நீலமோ அவுரித் தொட்டியில் சூடேற்றாமலே ஏறும். ஆகவே, நீலம் படக்கூடாத இடங்களையெல்லாம் தேன்மெழுகால் மூடி, பிறகு அவுரியில் தோய்த்தனர். மெழுகு இடுவதற்கு இரும்பு எழுதுகோல் ஒன்று இருந்தது. அதன் மேற்பகுதியில் சுற்றிய மயிர்ப்பந்து சூடான மெழுகைத் தாங்கிக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்த மெழுகு முனைக்கு இறங்கும். பின்னர் துணியை வெயிலில் விரித்து, மெழுகு இளகி உள்ளே இறங்கச் செய்தனர். வெயில் குறைந்தால் மெழுகு மேலேயே நிற்கும். மிகுந்தால் பரவிக் கோடு கெடும். அந்த அளவு தொழிலாளியின் கண்ணில் இருந்தது; ஏட்டில் இல்லை.

ஏட்டில் ஏற்றியவர் அயலார். கெர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், தம்மிடம் மறைக்கல்வி பெற்ற சாயத் தொழிலாளரைக் கேட்டறிந்து, 1742இல் இச்செய்முறையைக் கடிதமாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நம் துணியின் போட்டியைத் தாங்காமல் பிரான்சு 1686லும், இங்கிலாந்து 1700லும் 1721லும் அதற்குத் தடை விதித்திருந்த காலம் அது! கடிதம் இன்றும் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்களோ நமக்குக் கிட்டவில்லை.

அத்துணி மலாய் உலகுக்கும் வந்தது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தொமே பிரெஸ், பழவேற்காட்டுத் துணி வணிகத்தைக் குறித்து எழுதியுள்ளார். மலாய்க்காரர் சோழமண்டல ஓவியத் துணியைச் 'செம்பாகி' என்றனர். ஜாவானியரோ சாந்திங் என்னும் சிறு செப்புக் குழாயால் சூடான மெழுகை இட்டு, தமக்கே உரிய பாத்தேக் கலையை வளர்த்தனர். அவர்களின் கடற்கரை ஊர்களில் நம் துணியின் பூங்கொடிகளும் பாத்தேக்கில் இடம்பெற்றன. பொந்தியானில் ஜாவா வழிவந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன. நம் பிள்ளைகளின் அண்டை வீட்டாரது பாட்டன்மாரும் நம் பாட்டன்மாரும் ஒரே கடலின் இரு கரைகளில் மெழுகை உருக்கியவர்கள்.

வகுப்பறைக்கு வருவோம். கீழ்நிலை ஆண்டு மாணவர்களுக்குத் தேய்க்கும் முறையே ஏற்றது. ஆனால் துணியில் வேண்டாம், தாளில் செய்யுங்கள். மெழுகைத் தேய்த்து நீர்வண்ணம் பூசினால், மெழுகு நீரை விலக்கும் விந்தையை அவர்களே காண்பர். மேல்நிலை ஆண்டில், ஆசிரியர் ஒருவர் மட்டும் மெழுகை உருக்கிச் செய்துகாட்டலாம். உருக்கும் பாத்திரத்தை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். தேய்த்த துணியையும் உருக்கி இட்ட துணியையும் ஒரே சாயத்தில் தோய்த்து, அருகருகே உலர்த்துங்கள். வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

பிறகு, பாத்தேக் நமக்கு அந்நியக் கலை என்று எண்ணும் மாணவனிடம் கருப்பூரைப் பற்றிச் சொல்லுங்கள். தஞ்சை அரச குடும்பத்துக்காக அங்கே பொன்னிழைச் சேலைகளில் மெழுகிட்டுச் சாயமேற்றினர். கருப்பூர்க் கலம்காரி ஓவியம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.