கைநாட்டின் கதை

முப்பத்தோரு வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருந்து ஆராய்ச்சியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தகுதி இல்லாததுதான் தகுதி. புதிய மருந்துகளை மனிதர்களிடம் கொடுத்துப் பார்ப்பதற்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊருக்குப் பக்கத்து மருத்துவமனைக் குழுவில் அந்தச் சாதாரண ஆள் நான்தான்.

முதல் கூட்டத்துக்கு முன்பு வீட்டுக்கு வந்த காகிதக் கட்டு இரண்டு கிலோவுக்குக் குறையாது. ஆங்கிலத்தில் இருந்ததை ஓரமாக வைத்துவிட்டு, தமிழில் இருந்த ஒப்புதல் படிவத்தைச் சிவப்புப் பேனாவோடு எடுத்தேன். பரீட்சைத் தாள் திருத்திய பழக்கம் போகுமா? முதல் வரியிலேயே பேனா நின்றது: 'இந்தப் பரிசோதனையில் பங்குபெற உங்களை அழைக்கிறோம்.'

எங்கள் தெருவில் பரிசோதனை என்றால் ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை. உடம்பில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வது. ஒரு புது மருந்து கேட்கிறதா இல்லையா என்று என் உடம்பில் போட்டுப் பார்ப்பதற்கும் அதே சொல்லைப் போட்டால், கையெழுத்துப் போடுகிறவர் எதற்குப் போடுகிறார்? 'டாக்டர் ஏதோ டெஸ்ட் எடுக்கணும்கிறார்' என்றுதான் போடுவார். அடுத்த பக்கத்தில் 'நீங்கள் சீரற்ற முறையில் பிரிக்கப்படுவீர்கள்' என்று இருந்தது. அதற்கடுத்து, 'உங்களுக்குப் போலி மருந்து தரப்படலாம்.' போலி மருந்து விற்றால் போலீஸ் பிடிக்கும் என்று தெரிந்த ஊர் இது. 'சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல்' என்றும், 'மருந்து எதுவும் இல்லாத மாத்திரை' என்றும் மாற்றி எழுதினேன். பரிசோதனையை அடித்துவிட்டு 'ஆராய்ச்சி' என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இது உங்களுக்கான வழக்கமான சிகிச்சை அல்ல.' கூட்டத்தில் ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், இப்படிப் போட்டா யாரும் சேர மாட்டாங்களே" என்றார். சேரமாட்டார்கள் என்றால், இதுவரை சேர்ந்தவர்கள் எதில் சேர்ந்தார்கள்?

அந்தக் கேள்விதான் இந்தக் கையெழுத்தின் பழங்கதையைத் தேடிப் படிக்க வைத்தது.

தேடும்போதெல்லாம் எனக்கு நினைவில் வந்தது அப்பாவின் கை. 1978-ல் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அம்மா நல்ல நினைவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "கூட வந்தது யாரு?" என்றுதான் குரல் வந்தது. அப்பா ஓடினார். அச்சடித்த தாளைப் படிக்கக் கண்ணாடியைத் தேடியபோது, "அதெல்லாம் படிக்க வேண்டாம், பெருக்கல் குறி போட்ட இடத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டார். கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்பது வீட்டுக்கு வந்து பல மாதம் கழித்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. நினைவோடு இருக்கிற வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமே வாங்க வேண்டும், உறவினர் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-ல். அம்மா அப்போது இல்லை.

மருத்துவ ஆராய்ச்சிக்குக் கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். 1900-ல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறதா என்று பார்க்க, வால்டர் ரீட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்த கூலியாட்களைக் கொசுக்கடிக்கு உட்படுத்தினார். அவர்களோடு ஸ்பானிய மொழியில் எழுத்து ஒப்பந்தம் போட்டார். சம்மதித்தால் 100 டாலர் தங்கம்; காய்ச்சல் கண்டால் இன்னொரு 100. உயிருக்கு ஆபத்து உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது. கூடவே, இந்தத் தீவில் இருந்தால் எப்படியும் இந்தக் காய்ச்சல் வரத்தான் போகிறது என்றும் எழுதியிருந்தது. உண்மையும் ஆசைவார்த்தையும் ஒரே தாளில். இன்று என் மேசைக்கு வரும் படிவங்களிலும் இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் என் வேலை.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 1897 ஜனவரியில், பம்பாயில் பிளேக் தடுப்பூசி தயாரித்த வால்டெமர் ஹாஃப்கின் அதை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். அடுத்து பைக்குல்லா சிறைக் கைதிகளில் முன்வந்தவர்களுக்குப் போட்டார். ஹாஃப்கினின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'முன்வந்த கைதி' என்ற தொடரை நான் இலக்கண வகுப்பில் சொல்லியிருந்தால், முரண்தொடருக்கு எடுத்துக்காட்டு என்றிருப்பேன். மாட்டேன் என்று சொல்ல முடிந்தவன் சொல்லும் சரிக்குத்தான் மதிப்பு.

ஜெர்மனியின் கதை இன்னும் கசப்பு. பிரெஸ்லாவ் நகரத்துப் பேராசிரியர் ஆல்பர்ட் நைசர், மேகநோய்க்குத் தடுப்பு கண்டுபிடிக்கிறேன் என்று, பெரும்பாலும் பாலியல் தொழிலாளர்களான பெண்களுக்கு, அவர்களிடம் சொல்லாமலே நோயாளிகளின் சீரத்தை ஊசியில் ஏற்றினார். சிலருக்கு நோய் கண்டது. ஊர் கொதித்தது, அவருக்கு அபராதம் விழுந்தது. 1900 டிசம்பரில் பிரஷ்ய அரசு ஆணையிட்டது: பாதகங்களை விளக்கிச் சொல்லி, தெளிவான சம்மதம் பெறாமல் இப்படிச் செய்யக் கூடாது, சிறுவர்களிடம் கூடவே கூடாது. 1931-ல் ஜெர்மன் அரசு இன்னும் விரிவான விதிகளை வெளியிட்டது. அந்தக் காலத்தில் இவ்வளவு நல்ல விதி எழுதி வைத்திருந்த அதே நாட்டில்தான் பத்தே வருடத்தில் வதைமுகாம் கைதிகளைப் பனிநீரில் உறைய வைத்துப் பார்த்தார்கள்.

அதற்கான வழக்கு நியூரம்பெர்க்கில் நடந்தது. 23 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1947 ஆகஸ்டில் தீர்ப்பு. 7 பேருக்குத் தூக்கு. தீர்ப்போடு வந்த பத்து நெறிகளில் முதலாவது, சம்பந்தப்பட்ட மனிதரின் மனமுவந்த சம்மதம் இல்லாமல் எதுவும் இல்லை என்பது. உலகம் அதைப் பாராட்டியது. 'அது காட்டுமிராண்டிகளுக்கு, நமக்கில்லை' என்று எண்ணியும் கொண்டது.

அப்படி எண்ணிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேக்கன் கவுண்டியில், 1932-லிருந்து ஓர் ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். பெரும்பாலும் குத்தகை விவசாயிகள். நடத்தியது அரசின் பொதுச் சுகாதாரத் துறை. 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தபோது, இலவசமாகக் கிடைக்கும் விசேஷ சிகிச்சை இது என்று கடிதம் போட்டார்கள். இறந்த பின் உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால் ஈமச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். 1940-களின் பிற்பாதியில் பென்சிலின் இந்த நோயைத் தீர்க்கும் என்று உறுதியானது. அவர்களுக்கு மட்டும் தரவில்லை. சிகிச்சை தராமல் விட்டால் நோய் எதுவரை போகும் என்று பார்ப்பதுதானே ஆய்வே! பீட்டர் பக்ஸ்டன் என்ற துறை ஊழியர் உள்ளே புகார் செய்து சலித்து, கடைசியில் பத்திரிகைக்குச் சொன்னார். 1972 ஜூலையில் செய்தி வெளிவந்தது. நாற்பது வருட ஆய்வு அந்த ஆண்டோடு நின்றது. 1997-ல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டபோது உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கை ஒற்றை இலக்கம்.

அந்த ஆய்வு ஓடிக்கொண்டிருந்த 1950-களில் நம் சென்னையில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. நோயாளிகளோ ஏராளம், அவர்களைத் தங்கவைத்துக் குணப்படுத்தும் சானடோரியத்தில் கட்டிலோ கொஞ்சம். வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா என்பதுதான் கேள்வி. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வீட்டிலும் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில் இருமுகிறவரை விட்டுவைத்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? அதனால் மைய ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குடும்பத்தாரையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்த சானடோரியத்துக்கு ஏறத்தாழச் சமமாக வீட்டிலும் குணம் கண்டது. வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-ல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் சானடோரியக் காலத்தை முடித்து வைத்தது.

மேக்கனிலும் சேத்துப்பட்டிலும் ஏழைகளைத்தான் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஓரிடத்தில் பார்த்தது எப்படிச் சாகிறார்கள் என்று. இன்னோரிடத்தில் பார்த்தது நோய் கண்டால் உடனே பிடித்துவிட வேண்டும் என்று. கிடைக்கும் விடை யாருக்கு உதவும் என்று கேட்டுவிட்டால், பாதி நெறிமுறை அங்கேயே வெளிச்சமாகிவிடும்.

மீதிப் பாதி கையெழுத்து. அதில் நாமும் தவறியிருக்கிறோம். 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியைப் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. 7 சிறுமிகள் இறந்ததை அடுத்து 2010-ல் நிறுத்தினார்கள். இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணை சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. அந்தத் தடுப்பூசி நல்லது, என் பேத்திக்கும் போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது, பெற்றோர் போட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தது. பழங்குடிப் பிள்ளைகள் விடுதியில் இருக்கிறார்கள், பெற்றோர் தூரத்தில் இருக்கிறார்கள், காப்பாளர் கைக்கெட்டுகிறார். 'கூட வந்தது யாரு?' என்று 1978-ல் கேட்ட அதே குரல். 2013-ல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகச் சாடியது.

அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. 2019 விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர். பாதிப் பேராவது வெளியாட்கள். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், என்னைப்போல் ஒரு சாதாரண ஆள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், அந்த ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழுவதையும் கேட்டிருந்து பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்.

உலக மருத்துவச் சங்கம் 1964-ல் ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் செய்தது. ஆராய்ச்சிக்கு உட்படும் மனிதருக்கு அதில் இட்டிருந்த பெயர், 'உட்படுத்தப்பட்டவர்' என்ற பொருள் தருவது. 2024-ல்தான் அதை எடுத்துவிட்டு 'பங்கேற்பாளர்' என்று மாற்றினார்கள். ஒரு சொல்லைத் திருத்த அறுபது வருடம். நான் 'பரிசோதனை'யைத் திருத்த இரண்டு கூட்டம்தான் எடுத்துக்கொண்டேன்.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. என்றாவது ஒரு நாள் உங்கள் முன்னாலும் இப்படி ஒரு தாள் நீட்டப்படலாம். 'இது வைத்தியமா, ஆராய்ச்சியா? நான் மாட்டேன் என்றால் என் வைத்தியம் நிற்குமா?' என்று கேளுங்கள். நிற்காது என்பதுதான் விதி; அதை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். கண்ணாடியைத் தேடுவதற்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி என்றால் அந்தப் படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.