கொய்சகமே கொசுவம்

குற்றாலத்தில் சீசன் வந்தால் சொற்பிறப்பு விளக்கங்களும் பெருகிவிடுகின்றன. சேலைக் ‘கொசுவம்’ தெலுங்குக் ‘குச்சிள்ளு’வின் திரிபாம், நாயக்கர் காலத்து வரவாம். ஒலி ஒத்ததும் உறவு கொண்டாடுவது ஆராய்ச்சியாகாது. குச்சிள்ளுவுக்கு இனம் தேடினால் நம் குச்சமும் குஞ்சமும் கிடைக்கும். அவை முந்தானை ஓரத்தில் தொங்குபவை, இடுப்பில் செருகுபவை அல்ல. சோழர் செப்புத்திருமேனிகளின் ஆடையிலேயே மடிப்பு இருக்க, நாயக்கர் எதற்கு? கொசுவைக் காட்டி விளக்குபவர்களுக்கு மறுமொழி வேண்டாம்.

கொசுவம் என்பது கொய்சகம். தென்காசிப் பேச்சே சான்று. சகரத்துக்கு முன் யகர ஒற்று நிற்பதில்லை: காய்ச்சல் காச்சல், மேய்ச்சல் மேச்சல். உயிரிடைக் ககரம் வகரமாகும்: ஆகுது ஆவுது, போகுது போவுது. இரண்டும் சேர்ந்தால் கொசவம், ஏட்டில் கொசுவம். யாழ்ப்பாணத்தார் ‘கொய்யகம்’ என்று யகரத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். அதைக் குச்சிள்ளுவிலிருந்து வருவிக்கட்டும், பார்க்கலாம்.

கொய்தல் பூப்பறிப்பது மட்டுமன்று. துணியை மடித்துச் சேர்ப்பதும் கொய்தலே. ஒரு சுற்றுச் சுற்றிச் செருகி, முந்தியைத் தோளில் அளந்து விட்டபின், எஞ்சிய துணியை விரல்களுக்கிடையே மடிப்பு மடிப்பாகக் கொய்து, அடியோரம் சமன்பார்த்து, இடுப்பில் செருகுகிறார்கள். சிற்றாற்றுப் பாசன வயல்களில் நாற்று நட்ட பெண்கள், குனிந்து நிமிரத் தோதாக மடிப்பைப் பின்னால் தள்ளினார்கள், அது பின்கொசுவம். இடம் மாறியும் பெயர் மாறவில்லை. ஏனெனில் பெயர் இடத்துக்கன்று, செயலுக்கு.

ஆடைப் பெயர்கள் வினையில் பிறப்பது தமிழ் மரபு. துணித்தது துணி, அறுத்தது அறுவை, கூறிட்டது கூறை. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் விற்றது துணிதான். பெயரைக் கேட்டு மருத்துவராக்கிவிடாதீர்கள். மாராப்பு, மார்யாப்பு, யாத்தல் கட்டுதல். செய்யுளைக் கட்டுவதும் யாப்பு, மார்புச்சேலையைக் கட்டுவதும் யாப்பு. முந்தானையில் யானை இல்லை: முன் தானை, முன்றானை, தானை என்றால் ஆடை. படைக்கும் அப்பெயருண்டு, இங்கே அதற்கு வேலையில்லை.

அறுத்தலும் துணித்தலும் ஆடைக்குப் பெயர் தந்த மொழி, அதன் மடிப்புக்கு மட்டும் அயல்வீட்டில் பெயர் இரந்திருக்காது. கொய்தலில் பிறந்தது கொசுவம். எனக்கு இதில் ஐயமில்லை.