படத்துக்குக் கீழே எழுதும் இரண்டு வரி



நம் கொடிகாமத்துப் பிள்ளைகள் இப்போது மிக நல்லாகப் படம் எடுக்கிறார்கள். விடியற்காலைச் சந்தை, பலாப்பழக் குவியல், பருத்தித்துறை வீதியில் போகும் சைக்கிள், மழைக்கால வயல் என்று முகநூலைத் திறந்தால் கண் நிறைகிறது. ஆனால் கீழே பார்த்தால் "எங்கள் ஊர் அழகு" என்ற ஒரு வரியும் ஒரு சிவப்பு இதயமும்தான் இருக்கும். "சேர், சனம் நின்று வாசிக்கிற மாதிரி கப்ஷன் எழுதுவது எப்படி?" என்று எங்களிடம் படித்த ஒரு பிள்ளை கேட்டது. அதற்குப் பதில் தேடப் போய்ச் சரித்திரத்துக்குள் போய்விட்டோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் களுத்துறைக்குப் போவோம். யூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலப் பெண்மணி அந்தக் காலத்துப் பெயர்பெற்ற புகைப்படக்காரி. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே இறந்தார். இடையில் களுத்துறையில் சில படங்கள் எடுத்தார். 1877இல் அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் நோர்த்தின் பெயரோடுதான் இருக்கின்றன. அடுத்த வருஷம் மூன்று உள்ளூர் ஆட்களை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அதன் தலைப்பு "களுத்துறைக் குடியானவர்கள்" என்ற பொருளில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு 12 வயது, தான் அவளுடைய தகப்பன் என்று சொல்லும் கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்று குறிப்பும் உண்டு. வயதைக் கேட்டிருக்கிறார்கள், உறவைக் கேட்டிருக்கிறார்கள். பெயரை மட்டும் எழுதவில்லை. அந்தப் பிள்ளை யார் என்று இன்றைக்கு அவளுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளாலும் கண்டுபிடிக்க முடியாது.

இது வெள்ளைக்காரர் நம்மை எடுத்த படங்களில் மட்டும் நடந்ததில்லை. 1936இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டொரத்தியா லாங் என்பவர் அரசாங்கத்துக்காக ஒரு ஏழைத் தாயைப் படம் எடுத்தார். உலகத்தில் மிக அதிகம் பேர் பார்த்த படங்களில் அதுவும் ஒன்று. அதன் விளக்கத்தில் ஏழு பிள்ளைகளின் தாய், வயது 32 என்று இருந்தது. பெயர் கேட்கப்படவில்லை. அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது வெளியே தெரிய 1978 ஆயிற்று. சாப்பாட்டுக்காகக் கார் ரயரை விற்றார்கள் என்று லாங் எழுதியிருந்ததை அந்தக் குடும்பம் மறுத்தது. 40 வருஷத்துக்கு மேலாக அவருடைய முகம் எல்லாருக்கும் தெரியும், அவரை யாருக்கும் தெரியாது.

இனி நம் வீட்டுக் கதை.

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகதெருக் குடும்பம். 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்களும், ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களும் விடுதலைப் புலிகளின் உத்தரவால் வெளியேற்றப்பட்டார்கள். நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம். உடுத்த உடுப்பும் கொஞ்சக் காசும் தவிர எடுக்க விடவில்லை. நகையையும் வீட்டையும் பற்றி எல்லாரும் கதைப்பார்கள். எங்கள் உம்மா கடைசிவரை கதைத்தது அலுமாரியில் விட்டுவந்த அல்பத்தைப் பற்றி. அதில் எங்கள் வாப்பும்மாவின் ஒரேயொரு படம் இருந்தது.

சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தது. சாவகச்சேரியும் கொடிகாமமும் நிரம்பி வழிந்த கதையை இதை வாசிக்கும் பெரியவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிறகு 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சியே எழும்பி ஓடியது. அப்போது உங்கள் அல்பங்களும் போயின.

இந்த இரண்டு ஒக்டோபர் 30களும் முகநூலில் வருஷாவருஷம் கலந்துவிடுகின்றன. நாங்களும் பிழை விட்டவர்கள்தான். ஒரு வருஷம், தலையில் மூட்டையோடு சனம் நடக்கும் ஒரு படம் எங்களுக்கு வந்தது. படத்தில் திகதி இல்லை. "1990, எங்கள் வெளியேற்றம்" என்று எழுதிப் பகிர்ந்துவிட்டோம். நிறையப் பேர் அழுத முகம் போட்டார்கள். இரண்டு நாள் கழித்துச் சந்தையில் ஒரு அம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"சேர், நீங்கள் போட்ட அந்தப் படம் தொண்ணூறு இல்லை. தொண்ணூற்றைஞ்சு. அந்தச் சனத்துக்குள்ள நானும் நடந்து வந்தனான்."

அவர் கோபப்படவில்லை. ஆனால் எங்களுக்கு முகம் கொடுக்க ஏலாமல் போயிற்று. எங்கள் துயரத்தைச் சொல்லப் போய் அவருடைய துயரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டோம். அன்றைக்கே பதிவைத் திருத்தினோம். படத்துக்கு வருஷம் இல்லாவிட்டால் அது யாருடைய கதைக்கும் சாட்சியாகப் போய் நிற்கும் என்பதை அன்றுதான் முழுதாக விளங்கிக்கொண்டோம்.

சரி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நாங்கள் கற்றுக்கொண்டவை இவைதான்.

1. முதல் வரியில் விஷயத்தை வையுங்கள். முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் முதல் ஓரிரு வரிதான் தெரியும், மிச்சம் "மேலும்" என்பதற்குள் ஒளிந்துவிடும். "எங்கள் ஊர் ஸ்டேசன்" என்பதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "1990 யூனில் நின்றுபோன ரயில், 2014 ஒக்டோபர் 13இல் கொடிகாமத்துக்குத் திரும்பி வந்தது." 24 வருஷம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. யாரும் தாண்டிப் போக மாட்டார்கள்.

2. யார், எங்கே, எப்போது. "அழகிய மாலை" எந்த ஊரிலும் வரும். "கச்சாய் வீதி, மாரி தொடங்கிய முதல் கிழமை" நம் ஊரில் மட்டும்தான் வரும்.

3. ஆளை எடுத்தால் கேட்டு எடுங்கள், பெயரையும் கேளுங்கள். பெயர் போட அவருக்கு விருப்பமில்லாவிட்டால் போடாதீர்கள். படமே போட வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள்.

4. படத்தில் தெரிவதைத் திரும்ப எழுதாதீர்கள். பலாப்பழம் என்று கண்ணுக்குத் தெரியும். அது எந்தக் காணியில் பழுத்தது, எத்தனை மணிக்குச் சந்தைக்கு வந்தது என்பது தெரியாது. அதை எழுதுங்கள்.

5. கடைசியில் ஒரு உண்மையான கேள்வி கேளுங்கள். "லைக் பண்ணுங்கள்" வேண்டாம். "1990க்கு முன் இந்த நிலையத்தில் யாழ்தேவி ஏறியவர்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்டால் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பதில் வரும். அந்தப் பதில்களும் சரித்திரம்தான்.

6. மூலப்படத்தைப் பத்திரப்படுத்துங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில், கமெரா பதிந்த திகதியும் இடமும் கழன்றுவிடும். கோப்பின் பெயரிலேயே ஊரையும் திகதியையும் எழுதி வையுங்கள். அந்தக் காலத்தில் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதினார்களே, அதே வேலைதான்.

இது நமக்குத் தெரியாத கலை இல்லை. நம் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். பிறப்பிடம், வதிவிடம், யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய பேரன் என்று ஒருவரும் தவறாமல் எழுதுவோம். ஒரு ஆளின் படத்தைப் போட்டு அவரை இவ்வளவு முழுதாக நம்மைப்போல் எழுதுகிறவர்கள் குறைவு. ஆள் மௌத்தான பிறகு எடுக்கும் அந்தக் கவனத்தில் பாதியை, ஆள் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்துக்கும் கொடுப்போமே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

எங்கள் அல்பங்கள் 1990இல் போய்விட்டன. ஆனால் எங்கள் ஆட்கள் உங்கள் கலியாண வீடுகளுக்கு வந்தவர்கள். உங்களோடு கடை வைத்திருந்தவர்கள், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். தப்பிய அல்பம் ஏதும் உங்கள் வீட்டில், அல்லது வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் இருந்தால், ஒருமுறை திறந்து பாருங்கள். மணப்பந்தலின் ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு காக்கா நிற்கக்கூடும். வகுப்புப் படத்தின் இரண்டாம் வரிசையில் ஒரு முஸ்லிம் பிள்ளை நிற்கக்கூடும். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அவருடைய பெயரைக் கேட்டு, இன்றைக்கே எழுதி வையுங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள். எங்கள் ஆட்களிடமும் இதையே கேட்கிறோம்: புத்தளத்துக்குத் தப்பிப் போன படம் ஏதும் இருந்தால், அதில் நிற்கும் தமிழ் அயலவரின் பெயரையும் எழுதுங்கள்.

விருப்பமுள்ளவர்கள் அப்படிப்பட்ட படங்களை நூலக நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் அவர்களுக்கும் படம் மட்டும் போதாது. அதில் இருப்பவர் யார் என்ற விவரமும் வேண்டும்.

எங்கள் வாப்பும்மாவின் படம் இனிக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்குக் குறைவு. ஆனாலும் யாராவது ஒரு பழைய அல்பத்தைத் திறந்து "சேர், இது ஆர் எண்டு தெரியுமோ?" என்று கேட்டால், எங்கள் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும். தேத்தண்ணியும் இருக்கும்.