செல்போனைச் சோதிக்க போலீசுக்கு வாரண்ட் வேண்டுமா? ஒரு 250 வருடக் கதை

நண்பனிடம் ஒரு போட்டோ காட்ட செல்போனைக் கொடுத்தால், அவன் அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுவானோ என்று நமக்குப் பதறுகிறது. அதே போன் போலீஸ் கையில் போனால்? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 2014-ல்தான் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. ஆனால் கேள்வி அதைவிட 250 வருடம் பழையது.

அப்போது பாஸ்டன் நகரம் பிரிட்டிஷ் காலனி. கடத்தல் சரக்கைப் பிடிக்க சுங்க அதிகாரிகளிடம் ஒரு பொது உத்தரவு இருந்தது. யார் வீடு, என்ன பொருள் என்று அதில் எழுத வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் எந்த வீட்டிலும் நுழையலாம். மன்னர் இறந்தபின் ஆறு மாதம் வரைதான் அந்த உத்தரவு செல்லும். 1760-ல் இரண்டாம் ஜார்ஜ் இறந்தார். புதுப்பிக்கக் கூடாது என்று வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள்.

ஜேம்ஸ் ஓடிஸ் அப்போது அரசு வக்கீல். இந்த உத்தரவை ஆதரித்து வாதாட மனமில்லாமல் பதவியை விட்டுவிட்டு, 1761-ல் வியாபாரிகள் பக்கம் நின்றார். அவர் சோதனையே கூடாது என்று சொல்லவில்லை. இன்ன இடம், இன்ன பொருள் என்று சத்தியம் செய்து சொல்லி உத்தரவு வாங்கட்டும். எல்லோர் வீட்டுக்கும் ஒரே சாவியை ஒரு சின்ன அதிகாரியிடம் கொடுக்காதீர்கள் என்பதே அவர் வாதம். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் அன்று கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜான் ஆடம்ஸ் என்ற இளைஞர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். 1791-ல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த நான்காவது திருத்தம் கிட்டத்தட்ட ஓடிஸ் கேட்டதையே சட்டமாக்கியது.

சரி, செல்போனுக்கு வருவோம். சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவரைக் கைது செய்தால் அவர் உடம்பையும் கைக்கெட்டும் தூரத்தையும் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம். ஆயுதம் இருக்கலாம், சாட்சியத்தை அழிக்கலாம் என்பதுதான் காரணம். 1973-ல் ராபின்சன் வழக்கில், கோட்டுப் பையில் இருந்த கசங்கிய சிகரெட் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்ததும் சரியே என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் ஹெராயின் இருந்தது.

சிகரெட் பாக்கெட்டைத் திறக்கலாம் என்றால் செல்போனை? 2007-ல் அதே பாஸ்டனில், கைதான ஒருவரின் மடக்கு போனைத் திறந்து அவர் வீட்டு நம்பரைக் கண்டுபிடித்தது போலீஸ். 2009-ல் சான் டியாகோவில் ரைலி என்பவரை, கார் பதிவு காலாவதி ஆனதற்காக நிறுத்தினார்கள். காரில் துப்பாக்கிகள் கிடைத்தன. பிறகு அவர் ஸ்மார்ட்போனில் இருந்த போட்டோக்களை வைத்து ஒரு துப்பாக்கிச்சூடு வழக்கில் தண்டனையும் வாங்கிக்கொடுத்தார்கள்.

இரண்டு வழக்குகளையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 2014 ஜூன் 25 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, வாரண்ட் வேண்டும் என்றது. போனில் உள்ள தகவலை வைத்து யாரும் போலீஸ்காரரைத் தாக்க முடியாது. தூரத்திலிருந்து தகவலை அழித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் போனை அணைத்து வைக்கலாம். குண்டுவெடிப்பு, குழந்தைக் கடத்தல் போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தக் காலத்தில் வீடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத அளவு விஷயம் இன்று சட்டைப் பையில் இருக்கிறது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

"குற்றவாளி தப்பிவிடுவானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதனால் போலீஸ் வேலை கடினமாகும் என்பதை தலைமை நீதிபதி ராபர்ட்ஸே ஒப்புக்கொண்டார். ஆனால் வாரண்ட் என்பது கதவுக்குப் போடும் பூட்டு அல்ல. திறக்கும் முன் காரணத்தை ஒரு நீதிபதியிடம் சொல் என்பது மட்டுமே. உண்மையான காரணம் இருக்கும் போலீசுக்கு அது பெரிய பாரம் இல்லை. காரணம் இல்லாதவருக்குத்தான் அது தடை. குற்றமே செய்யாத நமக்கு அந்தத் தடைதான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

ஒரு வேடிக்கையோடு முடிக்கிறேன். இந்தத் தீர்ப்பு அமெரிக்க எல்லைக்கும் விமான நிலையத்துக்கும் வரும் பயணிகளின் போன்களைப் பற்றிப் பேசவில்லை. அங்கே வாரண்ட் இல்லாமலே பார்க்கலாம் என்பது அரசின் வாதம்; கீழ் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை. அங்கே போனைக் கேட்டுக் கை நீட்டுவது யார் தெரியுமா? சுங்க அதிகாரிகள்! ஓடிஸ் இருந்திருந்தால் மறுபடியும் கறுப்புக் கோட்டை மாட்டியிருப்பார்.