உலக்கை பிடித்தவர்களின் பதில்

என் வேலையில் டாஷ்போர்டு என்று ஒன்று உண்டு. எத்தனை பேர் செயலியை விட்டுப் போனார்கள் என்று அது துல்லியமாகச் சொல்லும். ஏன் போனார்கள் என்று சொல்லாது. அதுக்கு ஆளைப் பார்த்துத்தான் கேட்கணும்.

மருத்துவ ஆய்வில் இந்தக் 'கேட்கணும்' ஒரு முறையாக வளர்ந்ததற்கு வரலாறு இருக்கிறது. 1960களில் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் மரணத்தை நெருங்கிய நோயாளிகளையும், அவர்களைச் சுற்றியிருந்த செவிலியர்களையும் மருத்துவர்களையும் கவனித்தார்கள். பார்த்ததை எழுதி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அதிலிருந்தே கோட்பாட்டை எடுத்தார்கள். 1967இல் அந்த முறை புத்தகமானது. புதிதாக எதுவும் வராத இடம்வரை கேட்டுக்கொண்டே போ என்பது அதன் முக்கியப் பாடம். பிறகு ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் வழியாக, ஊர்மக்களே தரையில் வரைபடம் போட்டு, விதைகளை அடுக்கிக் கணக்குக் காட்டும் பங்கேற்பு முறை இந்தியக் கிராமங்களில் பரவியது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் வேலை தொடங்கியபோது, அங்கே சாமை, தினை, வரகு விளைந்த நிலங்களை மரவள்ளி பிடித்துக்கொண்டிருந்தது. காரணம் வெளிப்படைதான்: கீழே ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு கொடுத்தன, ரேஷனில் அரிசி வந்தது. குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும்.

பெண்களிடம் பேசியபோது இன்னொரு காரணம் வந்தது. கேழ்வரகை அப்படியே திரிக்கலாம். சாமைக்கும் வரகுக்கும் உமி நீக்கணும். அதுக்கு உரல், உலக்கை, காட்டு வேலை முடிந்து வந்த பிறகும் மணிக்கணக்கில் குத்து. ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டால் போதும். அவர்கள் பாரம்பரியத்தை மறந்துவிடவில்லை. தோள்வலியைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பதிலிலிருந்துதான் ஊர்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்கள் போயின. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. மெஷின் வந்ததும் மரவள்ளி பின்வாங்கிவிடவில்லை. சந்தையின் இழுப்பு பெரிசு. ஆனால் சாமை சமைக்க நினைத்தவளுக்கு உலக்கை குறுக்கே நிற்கவில்லை.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்தில் நாம் பாக்கெட் சாமை வாங்கி, பாட்டி காலத்து ஆரோக்கியத்தைப் புகழ்கிறோம். ஊட்டச்சத்து ஆய்வுகள் நேற்று என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கின்றன. நல்ல கேள்விதான். அதை யார் குத்தினாங்க, எவ்வளவு நேரம் ஆச்சு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் முழுசாகும்.